செருப்பு நழுவுவது தெரியவில்லையா? எல்லாமே டிஸ்க் அல்ல!

சேலம், நாமக்கல் பக்கம் ஒருவர் "இடுப்புக்குக் கீழே மரத்துப்போகுதுங்க" என்று சொன்னால், டீக்கடையிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள். லாரி ஓட்டுகிறவரா? டிஸ்க். திருச்செங்கோடு ரிக் வண்டியில் வடமாநிலம் போய் வந்தவரா? டிஸ்க். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ நாளெல்லாம் நின்றபடி தறி ஓட்டுகிறவரா? சந்தேகமே வேண்டாம், டிஸ்க்தான்!

இந்த டீக்கடைக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. சிக்கலும் அதில்தான். டிஸ்க் என்று நினைத்து பெல்ட் கட்டிக்கொண்டும், வலி மாத்திரை போட்டுக்கொண்டும், பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டும் இருக்கிற கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு பேர், டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கோளாறோடு இருப்பார்கள். முதுகுத் தண்டுவடத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய், சேரக் கூடாத இடத்தில் இன்னொரு ரத்தக்குழாயோடு சேர்ந்திருக்கும். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஸ்பைனல் டியூரல் ஏ.வி. ஃபிஸ்துலா'.

பெயர்தான் வாயில் நுழையாது. கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒரே ஓர் இணைப்பை அடைத்து நோயை நிறுத்திவிடலாம். கண்டுபிடிக்காமல் விட்டால், நடந்துகொண்டிருந்த மனிதர் சில வருடங்களில் சக்கர நாற்காலிக்குப் போய்விடலாம்.

எத்தனை பேருக்கு வரும்?

அரிய நோய்தான். வெளிநாட்டு மதிப்பீடுகளின்படி 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 5 முதல் 10 பேருக்குப் புதிதாக வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து சுமார் 52 லட்சம் பேர். அந்த மதிப்பீட்டை அப்படியே இங்கே பொருத்தினால், வருடத்துக்கு 25 முதல் 50 பேர் வரை வரும். இது வெறும் பெருக்கல் கணக்குதான். ஆனாலும், 'நம்ம ஊர்ல எல்லாம் இது வராது' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதைக் காட்டப் போதும்.

பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்கள். பரம்பரையாக வருவதல்ல, பிறக்கும்போதே இருப்பதும் அல்ல. பாதி வாழ்க்கைக்குப் பிறகு எப்படியோ உருவாகிறது. ஏன் உருவாகிறது என்பதற்கு மருத்துவ உலகிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை. லாரி ஓட்டுவதாலோ, மூட்டை தூக்குவதாலோ வருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. 'நான் அன்னைக்கு அந்த டயரைத் தூக்கியிருக்கக் கூடாது' என்று யாரும் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால்...

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பரமத்திவேலூர் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரிலிருந்து தண்ணீர் வேகமாக வருகிறது. அது வாய்க்காலில் பிரிந்து, பாத்திகளுக்குள் மெதுவாகப் பாய்ந்து, வேரை நனைத்து, மிச்சம் வடிகாலில் இறங்கிப்போகிறது. உடம்பிலும் இதேதான். இதயம் மோட்டார். தமனி, அழுத்தத்தோடு ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். நடுவில் இருக்கும் நுண்குழாய்கள் பாத்திகள். சிரை, வேகம் குறைந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் வடிகால்.

யாரோ ஒருவர் மோட்டார் பைப்பை நேராக வடிகாலிலேயே சொருகிவிட்டால்? வடிகால் நிரம்பித் தளும்பும். வயலில் இருக்கிற தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. தண்ணீர் நிற்கும். நாலு நாள் நின்றால் கொடி மஞ்சளடிக்கும், அப்புறம் வேர் அழுகும்.

தண்டுவடத்தைச் சுற்றி 'டியூரா' என்று ஒரு கெட்டியான உறை இருக்கிறது. ஒவ்வொரு நரம்பும் வெளியே போகும் இடத்தில் அந்த உறை ஒரு சட்டைக் கை மாதிரி நீண்டிருக்கும். அந்தக் கைப் பகுதியில்தான் ஒரு சின்னத் தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிடுகிறது. தமனியின் அழுத்தத்தோடு ரத்தம் எதிர்த்திசையில் பாய்ந்து, தண்டுவடத்தின் மேலே ஓடும் சிரைகளுக்குள் புகுந்துவிடுகிறது. வடிகால் அடைபட்ட தண்டுவடம் வீங்குகிறது. ரத்தம் அங்கேயே இருக்கும், ஆனால் தேங்கிய ரத்தம். புதிய ரத்தமும் ஆக்சிஜனும் போதுமான அளவு வருவதில்லை.

உடைந்து கொட்டுவதில்லை, ஒரே நாளில் படுக்கவைப்பதில்லை. மெதுவாக ஊறவைத்துக் கெடுக்கிறது. சந்தேகம் வராமல் போவதற்கு இந்த நிதானமே முக்கியக் காரணம்.

உடம்பு என்ன சொல்லும்?

முதலில் பாதத்தில் மரமரப்பு. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். "செருப்பு கழண்டு போனதே தெரியலைங்க, நாலு எட்டு போனப்புறம்தான் தெரிஞ்சுது" என்று நம் ஊரில் சொல்வார்களே, அது மிக முக்கியமான அறிகுறி. சர்க்கரை நோய் இருப்பவர் என்றால், 'சுகர்னால வர்ற மரமரப்பு' என்று அதோடு முடித்துவிடுவார்கள்.

அடுத்து, நடக்க நடக்கக் கால் கனக்கும். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை ஒரே நடையில் போனவர், வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். உட்கார்ந்தால் கொஞ்சம் சரியாகும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். உடல் உழைக்கும்போது தமனி அழுத்தம் ஏறுவதால் அப்படி ஆகிறது. முதுகெலும்பு சுருக்கத்திலும் இதேபோல் நடக்கும் என்பதால் இங்கேயும் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஆனால், டிஸ்க்கிலும் சுருக்கத்திலும் வலிதான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். அதுவும் டிஸ்க் என்றால் ஒரு காலில் சுளீர் என்று இறங்கும். இந்த ரத்தக்குழாய்க் கோளாறில் வலி கொஞ்சமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு காலிலும் பலமின்மையும் மரமரப்பும்தான் தூக்கலாகத் தெரியும்.

மூன்றாவது அறிகுறியை ஆண்கள் வீட்டில் சொல்லவே மாட்டார்கள். சிறுநீர் கழிக்க நின்றால் உடனே வராது. முக்க வேண்டியிருக்கும், போன பிறகும் முழுசாகப் போகாத மாதிரி இருக்கும். மலச்சிக்கலும் தாம்பத்தியத்தில் குறையும் சேர்ந்துகொள்ளும். 58 வயது ஆண் இதைச் சொன்னால் முதலில் யாருக்கும் பிராஸ்டேட்தான் ஞாபகம் வரும். பிராஸ்டேட் மருந்து ஆறு மாதம் ஓடும். கால் ஒரு டாக்டரிடமும் சிறுநீர் இன்னொரு டாக்டரிடமும் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துச் சொல்லியிருந்தால், தண்டுவடத்தின் மீது சந்தேகம் வந்திருக்கும்.

ஆகவே, வீட்டில் இருக்கிற பெண்களும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டிய ஜோடி இதுதான்: இரண்டு கால்களிலும் கூடிக்கொண்டே போகும் தள்ளாட்டம், அதோடு சிறுநீரிலோ மலத்திலோ மாற்றம். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பெல்ட்டும் தைலமும் போதாது. நியூராலஜிஸ்ட்டையோ, மூளை நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணரையோ பார்க்க வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. தண்டுவடத்துக்குள்ளேயே ரத்தக்குழாய்கள் பிறவியிலிருந்து சிக்கல் விழுந்த நூல் கண்டு போல இருப்பது. இது இளம் வயதினருக்கும் குழந்தைகளுக்கும் வரலாம். திடீரென்று கத்தியால் குத்தியது போல முதுகில் வலி, அடுத்த சில மணி நேரத்தில் கால்கள் விழுந்துவிடுவது என்று வந்தால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அது அவசர சிகிச்சை. காத்திருக்கவே கூடாது.

அரை நூற்றாண்டு தவறிய இடம்

1926-ல் பாரீஸில் சார்லஸ் ஃபுவா, தியோஃபில் அலழுவானீன் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள், கால்கள் படிப்படியாகச் செயலிழந்து இறந்துபோன இரண்டு இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். தண்டுவடத்தின் மேல் ரத்தக்குழாய்கள் தடித்து வீங்கியிருந்தன, தண்டுவடம் சிதைந்திருந்தது. அவர்கள் பெயராலேயே அது ஒரு நோய்க்குறியாக அழைக்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள், உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது, இனி செய்வதற்கு எதுவுமில்லை என்றே நினைத்துக் கைவிட்டார்கள்.

அறுவைசிகிச்சை செய்தவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் சார்லஸ் எல்ஸ்பெர்க் 1910-களிலேயே இப்படியொரு சிரையைக் கட்டி நோயாளிக்குக் குணம் காட்டினார். ஆனால், ஏன் குணமானது என்பது புரியாததால், பின்னால் வந்தவர்கள் தண்டுவடத்தின் மேலே புழு நெளிவது போலத் தெரிந்த சிரைகளை எல்லாம் உரித்தெடுத்தார்கள். வீங்கிக் கிடப்பதுதான் நோய் என்று நினைத்தார்கள். உண்மையில் அது நிரம்பிய வடிகால். தண்டுவடத்துக்கு இருந்த ஒரே வடிகாலையும் எடுத்தால் என்ன ஆகும்? சிலருக்கு நிலைமை மோசமானது.

வேலூர் சி.எம்.சி-யில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் பி.ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது, மொத்த உலகமும் இந்தக் குழப்பத்தில்தான் இருந்தது.

1974-ல் லண்டனில் மைக்கேல் அமினாஃப், வாலன்டைன் லாக் முதலானோர், சிரைகளில் அழுத்தம் ஏறுவதுதான் தண்டுவடத்தைக் கெடுக்கிறது என்று சொன்னார்கள். சிகிச்சை பெறாதவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்ததில், கால் பாதிப்பு தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் கடுமையாக முடங்கியிருந்தார்கள். 1977-ல் பிரையன் கெண்டல் என்ற கதிரியக்க மருத்துவரும் லாக்கும் சேர்ந்து, தவறான இணைப்பு தண்டுவடத்தில் இல்லை, அதன் உறையில் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இணைப்பிலிருந்து உள்ளே வரும் ஒரே ஒரு சிரையை அடைத்தால் போதும், மற்றதைத் தொடவே வேண்டாம்.

சொருகிய பைப்பைப் பிடுங்க வேண்டும், வடிகாலைத் தூர்க்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அது புரிய ஐம்பது வருடம் ஆனது!

எந்த ஸ்கேன், எவ்வளவு தூரம்?

கால் மரத்துப்போனால் வழக்கமாக எடுப்பது இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. அதில் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கும். 55 வயதில் யாருக்குத்தான் பிதுங்கவில்லை? 'இதோ காரணம்' என்று அங்கேயே நின்றுவிடுகிறது தேடல்.

ஆனால் தண்டுவடம் இடுப்பு வரை வருவதில்லை. பெரியவர்களுக்கு அது முதல் இடுப்பெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கற்றைதான். இந்த நோயின் இணைப்பு பெரும்பாலும் நடுமுதுகுக்கும் மேல் இடுப்புக்கும் இடையில் இருக்கும். அதனால் கால்கள் இரண்டும் பலமிழக்கும் ஒருவருக்கு, நெஞ்சுப் பகுதி முதுகெலும்பும் சேர்த்து எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. படத்தில் தண்டுவடத்தின் நடுவே வெள்ளையாக வீக்கமும், அதன் பின்புறம் மிளகைத் தூவியது போலக் கருப்புப் புள்ளிகளும் தெரிந்தால் நிபுணர்களுக்குப் பொறி தட்டிவிடும்.

அடுத்த கட்டம் ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, முதுகெலும்புக்குப் போகும் தமனிகளில் ஒவ்வொன்றாக, இடது வலது என்று மாற்றி மாற்றிச் சாயம் செலுத்திப் பார்க்க வேண்டும். இதய ஆஞ்சியோ மாதிரி சீக்கிரம் முடியாது, மணிக்கணக்கில் நீளலாம். சாயம் அதிகம் தேவைப்படும் என்பதால் சர்க்கரையோ, கிரியாட்டினின் பிரச்னையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தண்டுவட வீக்கத்தைப் பார்த்ததும் அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அழற்சி என்றால் அது சரியான மருந்துதான். ஆனால், இந்த ஃபிஸ்துலா உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ கால்கள் சட்டென்று மோசமானதாக மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஸ்டீராய்டு போட்ட பிறகு கால் இன்னும் பலமிழந்தால் அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்காக, வேறு நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அது வேறு ஆபத்து.

அறுவைசிகிச்சை மேஜையில்...

'முதுகெலும்பில் ஆபரேஷனா? படுத்த படுக்கை ஆயிடுவாங்களே!' என்ற பயம் கிராமத்தில் மட்டுமல்ல, படித்த வீடுகளிலும் உண்டு. இங்கே என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும்.

முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். எக்ஸ்ரே உதவியோடு, எந்த எலும்பு என்று எண்ணி அடையாளம் வைப்பார்கள். ஓர் எலும்பு தவறினாலும் இணைப்பு கிடைக்காது என்பதால் இந்த எண்ணிக்கைக்கு நேரம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு முதுகின் நடுவில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, ஒன்று அல்லது இரண்டு முள்ளெலும்புகளின் பின்பக்கத் தகட்டை மட்டும் எடுத்து, உறையைத் திறப்பார்கள். இனி எல்லாம் மைக்ரோஸ்கோப் வழியாகத்தான்.

நரம்பு வெளியேறும் இடத்தில், உறையின் உள்பக்கத்திலிருந்து ஒரு சிரை வரும். சிரை என்றால் கருநீலமாக இருக்க வேண்டும். இது சிவப்பாக, விம்மிப் புடைத்து இருக்கும். அதன் மேல் முதலில் ஒரு தற்காலிக கிளிப் போடுவார்கள். வசதியுள்ள இடங்களில் ஒளிரும் சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, சரியான குழாய்தானா என்று மைக்ரோஸ்கோப்பிலேயே பார்ப்பார்கள். சரி என்றானதும் அதைச் சுட்டு மூடி வெட்டிவிடுவார்கள்.

அந்த நிமிடத்தில், தண்டுவடத்தின் மேல் சிவந்து புடைத்துக் கிடந்த சிரைகள் எல்லாம் கண் முன்னாலேயே தளர்ந்து நீலமாக மாறும். பைப்பைப் பிடுங்கியதும் வடிகால் இறங்குகிறது. தண்டுவடத்தை யாரும் கீறுவதில்லை.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. தண்டுவட நீர் கசியலாம், காயத்தில் தொற்று வரலாம், சிலருக்கு ஓட்டம் குறைந்த சிரைகளில் ரத்தம் உறைந்து தற்காலிகமாகப் பலம் குறையலாம். எந்தப் பெரிய ஆபரேஷனுக்கும் உள்ள மயக்க மருந்து ஆபத்தும் உண்டு.

கத்தி வைக்காமல் செய்ய முடியாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியும். ஆஞ்சியோ செய்த அதே வழியில் நுண்குழாயைக் கொண்டுபோய், மருத்துவப் பசையை உள்ளே விட்டு அடைக்கலாம். பசை இணைப்பைத் தாண்டிச் சிரையின் தொடக்கம் வரை போய் உறைய வேண்டும். தமனியில் மட்டும் அடைத்து நின்றுவிட்டால், பக்கத்துத் தமனி அந்த வேலையை எடுத்துக்கொண்டு சில மாதங்களில் நோய் திரும்பும். தண்டுவடத்துக்கே ரத்தம் கொடுக்கும் முக்கியத் தமனி அதே இடத்தில் பிரிகிறது என்றால், பசை வழிதவறிப் போகும் அபாயம் இருப்பதால் அந்த வழியைத் தவிர்த்துவிடுவார்கள்.

2004-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அறுவைசிகிச்சையால் 100-ல் 98 பேருக்கு இணைப்பு முழுமையாக அடைபட்டது. பசை முறையில் 46 பேருக்குத்தான். அதன் பிறகு பசைகளும் கருவிகளும் நிறைய முன்னேறிவிட்டன, பசை முறையின் வெற்றியும் கூடியிருக்கிறது. இருந்தாலும், முதல் முயற்சியிலேயே உறுதியாக அடைக்க அறுவைசிகிச்சைதான் நம்பகமானது என்ற கருத்து பல நிபுணர்களிடம் நீடிக்கிறது. யாருக்கு எது என்பதை ஆஞ்சியோ படம்தான் முடிவு செய்யும்.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

இணைப்பை அடைப்பது, நோய் மேலும் முன்னேறாமல் நிறுத்துகிறது. இழந்தது எவ்வளவு திரும்பும் என்பது, எந்த நிலையில் வந்தார் என்பதைப் பொறுத்தது. சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நடை மேம்படுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இருந்த நிலையிலேயே நிற்கிறார்கள். கால் பலம் முதலில் திரும்பும். மரமரப்பு மெதுவாகத்தான் போகும், சிறுநீர்ப் பிரச்னை அதைவிடப் பிடிவாதமானது. கைத்தடியோடு வந்தவர் கைத்தடி இல்லாமல் போகலாம். இரண்டு வருடம் படுக்கையில் இருந்துவிட்டு வந்தவருக்கு அதே நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்கள் பிசியோதெரபி தொடர வேண்டும். நன்றாகிக்கொண்டிருந்த கால் மறுபடி தளர்ந்தால், திரும்பவும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால், முதல் பரிசோதனைக்கும் பரிந்துரைக்கும் அங்கே போகலாம். முதுகெலும்பு ஆஞ்சியோவில் பழக்கமுள்ள குழு எல்லா ஊரிலும் இருக்காது. தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய மையங்களுக்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்பதை, அட்மிட் ஆவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். 104 எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம்.

போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எம்.ஆர்.ஐ ஃபிலிம், சி.டி, பழைய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். முதல் ரிப்போர்ட்டில் 'டிஸ்க்' என்று மட்டும் எழுதியிருந்தாலும், படத்தின் மேல் ஓரத்தில் வீக்கம் தெரிந்துகொண்டிருக்கலாம்.

லாரி, பஸ், ரிக் ஓட்டுகிற அண்ணன்களுக்கு இன்னொரு விஷயம். செருப்பு நழுவுவதே தெரியாத காலுக்கு, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. இந்த டிரிப்பை முடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை இறக்க வேண்டாம். சாவியை கிளீனரிடமும் கொடுக்க வேண்டாம், ஓனருக்கு போன் போட்டு மாற்று டிரைவர் கேளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும், காலின் பலத்தையும் உணர்வையும் மருத்துவர் சோதித்து, 'ஓட்டலாம்' என்று சொன்ன பிறகுதான் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும்.